ஆடிக் காட்டிய பிறகும் அழைக்கவில்லை



1901இல் தொடங்கிய பேஸ்பால் அணி பாஸ்டன் ரெட் சாக்ஸ். 1918க்குப் பிறகு கோப்பை கிடைக்க 2004 வரை ஆனது. பேப் ரூத்தை விற்ற சாபம் என்றார்கள் ரசிகர்கள். அணி தானே சாத்திக்கொண்ட கதவைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

கறுப்பின வீரர்களைச் சேர்க்கக் கூடாது என்று பெரிய லீக்குகளின் விதிப் புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் எவரும் சேர்க்கவில்லை. 1945 ஏப்ரலில், நகரமன்ற உறுப்பினர் இசடோர் மச்னிக் கொடுத்த நெருக்கடியால், ஜாக்கி ராபின்சன் உட்பட மூன்று கறுப்பின வீரர்கள் ரெட் சாக்ஸின் ஃபென்வே பார்க் மைதானத்தில் ஆடிக் காட்டினார்கள். அதன்பின் அணியிடமிருந்து அழைப்பே இல்லை.

1947இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் ராபின்சனைக் களமிறக்கியது. அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் அவர்தான். ரெட் சாக்ஸுக்கு இன்னும் 12 ஆண்டுகள் தேவைப்பட்டன. 1959இல் பம்ப்ஸி கிரீன் ஆடியபோது, அன்றிருந்த 16 அணிகளில் அதுவே கடைசி.

அணியின் பழைய உரிமையாளர் டாம் யாக்கியின் பெயரை மைதானத் தெருவிலிருந்து நீக்கியது 2018இல்.

தோழர்களே, எழுதாத விதியை நீதிமன்றத்தில் காட்ட முடியாது. களத்தில் யார் இல்லை என்று எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். இனி யாராவது உங்களிடம் ‘தகுதி’ பற்றிப் பேசினால், முதலில் எண்ணத் தொடங்குங்கள்.