மூணு மாசம் பொய் சொன்ன ரேம்

போன மாசம் எபிசோடு ஏன் வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. காரணம் என் கம்ப்யூட்டர். அந்தக் கதையத்தான் இன்னிக்குச் சொல்லப்போறேன்.

எடிட் பண்ணிட்டிருக்கும்போதே திடீர்னு ப்ளூ ஸ்க்ரீன். ஒரு நாள் 'மெமரி மேனேஜ்மென்ட்'னு வரும், மறுநாள் வேற ஏதோ கோடு. ஒரு தடவை க்ரோம் மட்டும் செத்துப்போகும். சில நாள் எட்டு மணி நேரம் ஒண்ணுமே ஆகாது. நான் விண்டோஸ் மேல பழிய போட்டு, ரீஇன்ஸ்டால் பண்ணப் போனேன். இன்ஸ்டாலேஷனே பாதியில நின்னுச்சு. கடைக்காரர் ஒருத்தர், "தம்பி, இது எஸ்எம்பிஎஸ்தான்"னு அடிச்சுச் சொன்னார். மாத்தினேன். காசு போச்சு, கிராஷ் போகல.

இப்ப யோசிச்சா, குறிப்பு கண்ணு முன்னாடியே இருந்திருக்கு. ஒரு டிரைவர் கெட்டிருந்தா பெரும்பாலும் ஒரே மாதிரி, ஒரே இடத்துல விழும். ஒவ்வொரு தடவையும் வேற வேற எரர் வந்தா, சாஃப்ட்வேர விட்டுட்டு ஹார்டுவேர சந்தேகப்படணும். அதுலயும் முதல்ல ரேம்.

எனக்கு அது உறைச்சது வேற வழியில. எங்க ஆச்சி சொன்ன கதைகள ரெக்கார்டர்ல பதிவு பண்ணி, கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணி, மூணு ஜிப் ஃபைலா எக்ஸ்டர்னல் டிஸ்க்ல வெச்சிருந்தேன். ஆச்சி இப்ப இல்ல. ஒரு நாள் திறந்தா, மூணுமே சிஆர்சி எரர். கை நடுங்கிடுச்சு. அதே டிஸ்க்க ஃப்ரெண்டோட லேப்டாப்ல மாட்டினேன். ரெண்டு ஜிப் அழகாத் திறந்துச்சு! அப்போ டிஸ்க் நல்லா இருக்கு, அந்த ரெண்டு ஃபைலும் நல்லா இருக்கு. என் மெஷின்தான் படிக்கும்போது தப்பாப் படிக்குது. மூணாவது அங்கயும் திறக்கல.

எந்த ஃபைலா இருந்தாலும் ரேம் வழியாத்தான் போகணும். 'ஏ'ங்கிற ஆங்கில எழுத்து உள்ள 01000001-ஆ இருக்கும். அதுல ஒரே ஒரு பிட் புரண்டு 01000011 ஆனா, அது 'சி'. சாதாரண ரேமுக்கு இது தப்புன்னு தெரியாது, அப்படியே டிஸ்க்ல எழுதிடும். சர்வர்கள்ல இருக்கிற ஈசிசி ரேம்தான் ஒரு பிட் தப்பைக் கண்டுபிடிச்சுத் திருத்தும். லினக்ஸ உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் மெஷின்லயே 2022 அக்டோபர்ல ஒரு ரேம் ஸ்டிக் கெட்டுப்போச்சு. அவரும் முதல்ல புது கெர்னல் கோடைத்தான் சந்தேகப்பட்டார். அதைக் கேட்டப்போ எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

சரி, எப்படிக் கண்டுபிடிச்சேன்? விண்டோஸ்லயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கு, ஓட்டினேன். பிரச்சனை இல்லைன்னு சொல்லுச்சு. அதை நம்பி நிறுத்திடாதீங்க, அது மேலோட்டமான டெஸ்ட். மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவ்ல போட்டு, அதிலிருந்தே பூட் பண்ணி, ராத்திரி முழுக்க ஓட விட்டேன். காலையில ஸ்க்ரீன் பூரா சிவப்பு. இதுல "ரெண்டு எரர்தானே"ன்னு விடக்கூடாது. ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான்.

உடனே புது ரேம் வாங்க ஓடல, ஒரு தடவை ஏமாந்தவன் இல்லையா? பயாஸ்ல எக்ஸ்எம்பி ஆன்ல இருந்துச்சு. அது ரேமை அதன் சாதாரண வேகத்துக்கு மேல ஓட்டும், சில சமயம் அதுவே எரருக்குக் காரணம். ஆஃப் பண்ணேன், எரர் நிக்கல. பவர ஆஃப் பண்ணி, ஒயரப் பிடுங்கிட்டு, ரெண்டு ஸ்டிக்கையும் கழட்டினேன். தங்க நிறக் காண்டாக்ட அழிரப்பரால லேசாத் துடைச்சுத் திரும்ப மாட்டினேன். (ரிச்சி ஸ்ட்ரீட்ல இதைத்தான் முதல் வைத்தியமாப் பண்ணுவாங்க.) அப்பவும் எரர். அப்புறம் ஒரு ஸ்டிக்க மட்டும் மாட்டி டெஸ்ட். சுத்தம். அதே ஸ்லாட்ல ரெண்டாவது ஸ்டிக். சிவப்பு. அதையே வேற ஸ்லாட்லயும் போட்டுப் பார்த்தேன், ஏன்னா மதர்போர்டு ஸ்லாட்டும் கெட்டிருக்கலாம். அங்கயும் சிவப்பு. ஆள் சிக்கிட்டான்.

வாரன்ட்டி இருந்ததால காசு செலவில்லாம மாத்திக் கொடுத்தாங்க. ஜோடியா வாங்கினதால ரெண்டையும் அனுப்பச் சொன்னாங்க. அந்த மூணு வாரம் கம்ப்யூட்டர் இல்ல, அதான் எபிசோடும் இல்ல.

மூணாவது ஜிப்? எழுதும்போதே கெட்டிருக்கு. மெமரி கார்ட நான் எப்பவோ ஃபார்மட் பண்ணிட்டேன். அறுபது நிமிஷ ரெக்கார்டிங்ல முதல் 12 நிமிஷம் மட்டும் மீட்க முடிஞ்சுது. ஆச்சி கல்யாணத்துக்கு மாட்டு வண்டியில கிளம்பின இடத்துல கட் ஆகுது. அம்மாகிட்ட மீதியக் கேட்டேன், அவங்களுக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கு.

நேத்து ராத்திரி புது ரேம்ல மறுபடி மெம்டெஸ்ட் ஓட விட்டுத்தான் படுத்தேன். நாலு பாஸ், ஜீரோ எரர். அதுக்கப்புறம்தான் இந்த எபிசோட எடிட் பண்ண உட்கார்ந்தேன்.