குடும்ப வரலாற்றில் இரண்டு வெற்றிடங்கள்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'குடும்ப வரலாற்றின் வழியே வரலாறு கற்பித்தல்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. என் வகுப்பில் நான் செய்த தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். எட்டாம் வகுப்பில் நான்கு தலைமுறைக்குக் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி அப்பா பக்கத்தை வெறுமையாகவே விட்டிருந்தாள். "வீட்டில கேட்டு எழுதிட்டு வாம்மா" என்று எல்லார் முன்னிலையிலும் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த இரண்டு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை.

அந்த வெற்று இடத்தைப் பற்றி என்னை யோசிக்க வைத்தது அமெரிக்கக் குடியேறிக் குடும்பம் ஒன்றின் வரலாறு. சார்லஸ் இங்கல்ஸ், கரோலின் தம்பதியரை அவர்களுடைய மகள் லாரா இங்கல்ஸ் வைல்டர் எழுதிய 'லிட்டில் ஹவுஸ்' நாவல்கள் மூலம் உலகம் அறியும்.

சார்லஸ் 1836இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். கரோலின் 1839இல் விஸ்கான்சினில் பிறந்தார். ஐந்து வயதில், ஏரியில் நடந்த கப்பல் விபத்தில் தந்தையை இழந்தார். வறுமையில் வளர்ந்தாலும் படித்து, நம்மைப் போல ஆசிரியரானார். 1860இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. 1862இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 160 ஏக்கர் நிலத்தில் ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தால், சிறு கட்டணத்தில் நிலம் சொந்தமாகும். இப்படி நிலம் தேடி மேற்கே போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் இதுவும் ஒன்று.

விஸ்கான்சின், கான்சாஸ், மினசோட்டா, அயோவா, டகோட்டா என்று மூடுவண்டியில் இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். மினசோட்டாவில் வெட்டுக்கிளிக் கூட்டம் கோதுமையை அழித்தது. 1879இல் மூத்த மகள் மேரி 14 வயதில் பார்வையை இழந்தாள். 1881இல் அவளை அயோவாவில் இருந்த பார்வையற்றோர் பள்ளியில் சேர்த்தார்கள். லாரா 16 வயது நிறையும் முன்பே ஆசிரியர் வேலைக்குப் போனாள். அந்தச் சம்பளம் அக்காவின் படிப்புக்கு உதவியது. இதையெல்லாம் கேட்கும்போது பிள்ளைகள் அப்படியே ஒன்றிவிடுகிறார்கள்.

ஆனால் நாவல்களில் இல்லாத ஒருவன் இருக்கிறான். 1875 நவம்பரில் இத்தம்பதியருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் சார்லஸ் பிரெடரிக். 1876 ஆகஸ்டில், ஒரு வயது நிறையும் முன்பே இறந்துவிட்டான். முதல் நாவல் 1932இல் வந்தபோது லாராவுக்கு 65 வயது. தம்பி இறந்து ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அப்படியும், பிள்ளைகளுக்கென எழுதிய அந்தக் கதைகளில் அவனைக் கொண்டுவரவில்லை. அவனை இழந்த பின் அயோவாவில் கழித்த சிரமமான காலத்தையும் தாண்டிப் போய்விட்டார்.

இரண்டாவது வெற்றிடம் வேறு வகை. 1869இல் இக்குடும்பம் கான்சாஸில் வீடு கட்டியது ஓசேஜ் பழங்குடியினரின் நிலத்தில். குடியேறிகள் அங்கு வருவதற்குச் சட்டப்படி அப்போது அனுமதியே இல்லை. அரசு தங்களை வெளியேற்றப் போகிறது என்று கருதி அந்தக் குடும்பம் புறப்படுவதாக நாவல் சொல்கிறது. நடந்தது வேறு. 1870இல் நிலத்தை விற்கச் சம்மதித்து, இன்றைய ஓக்லஹோமாவுக்கு நிரந்தரமாகப் போனவர்கள் ஓசேஜ் மக்கள்தான். விஸ்கான்சினில் விற்ற பண்ணைக்கு வாங்கியவர் பணம் கட்ட முடியாததால், 1871இல் சார்லஸ் குடும்பம் தன் பழைய பண்ணைக்கே திரும்பியது. கான்சாஸை விட்டபோது லாராவுக்கு நான்கு வயதுதான். பெற்றோர் சொல்லக் கேட்டதும் பின்னாளில் தேடியதும்தான் நாவலாயிற்று.

1935இல் வெளியான அந்த நாவலில், அங்கே மனிதர்களே இல்லை, இந்தியர்கள் மட்டுமே இருந்தார்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. 1952இல் ஒரு வாசகர் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதி இதைக் கேட்டார். லாரா தவறை ஒப்புக்கொண்டார். 1953 பதிப்பில் 'மனிதர்கள்' என்பது 'குடியேறிகள்' என்று மாறியது. பதினேழு ஆண்டுகள் எத்தனையோ ஆசிரியர்கள் வகுப்பில் அந்த வரியை வாசித்துக் கடந்திருப்பார்கள். நானாக இருந்தாலும் கடந்திருப்பேன்.

ஆசிரியர்களே, இரண்டும் வெற்றிடங்கள்தான். ஆனால் தம்பியைப் பற்றிய மௌனம் ஒரு வீட்டின் துயரம். அதை நாம் துருவக் கூடாது. ஓசேஜ் மக்களைப் பற்றிய மௌனம் அடுத்தவர் இருப்பையே மறைப்பது. அதைக் கேள்வி கேட்காமல் விடக் கூடாது. நான் அந்த மாணவியிடம் துருவக் கூடாததைத் துருவினேன். பாடப்புத்தகத்தில் குடியேற்றம் பற்றிய பாடங்களில் கேட்க வேண்டியதைப் பல ஆண்டுகளாகக் கேட்காமல் விட்டேன்.

இப்போது இரண்டை மாற்றியிருக்கிறேன். குடியேற்றம் வரும் எந்தப் பாடமானாலும், "இவர்கள் வருவதற்கு முன் இங்கே யார் இருந்தார்கள்? பிறகு எங்கே போனார்கள்?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பத்திக்குப் போகிறோம். நான்கு தலைமுறைக் குடும்ப மரம் இப்போது கிடையாது. வீட்டிலோ தெருவிலோ ஒரு பெரியவரிடம் அவரே சொல்ல விரும்பும் ஒரு நிகழ்வைக் கேட்டு எழுதி வந்தால் போதும்.

மூன்றாம் நாள் வந்த மாணவியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் பதில் எதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதம் கிணறு வெட்டும் வேலைக்குப் போன தன் அம்மாச்சியைப் பற்றி மூன்று பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள். அப்பாவைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. நானும் கேட்கவில்லை.