மைனஸ் 10-ல் எத்தனை ஸ்வெட்டர்?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

டொரோண்டோவில் இருந்து பேசுறேன். வெளியே இப்போ மைனஸ் 9. ஓட்டம் பத்தி எப்போ பேசினாலும் ஊரில் இருந்து வர்ற முதல் கேள்வி இதுதான்: "அந்தக் குளிர்ல எப்படி ஓடுறீங்க? எத்தனை ஸ்வெட்டர் போடுவீங்க?"

பதில்: ஒண்ணுகூட இல்லை. ஸ்வெட்டர் போட்டு ஓடினாத்தான் குளிர்ல மாட்டுவோம். அது ஏன்னு இன்னைக்கு முழுசா பேசலாம். இந்த வருஷம் கனடாவுக்கோ ஜெர்மனிக்கோ படிக்கக் கிளம்புறவங்க கொஞ்சம் கவனமா கேளுங்க. டிசம்பர்ல ஊட்டிக்குப் போய் காலைல ஓடலாம்னு நினைக்கிறவங்களும்தான். அங்கேயும் சில நாள் விடியக்காலைல பூஜ்யம் டிகிரி பக்கத்துல போயிடும்.

குளிர்காலத்துல எதுக்கு ஓடணும், வீட்டுக்குள்ள இருக்கலாமேன்னு கேட்பீங்க. இங்க பந்தயங்களோட கணக்கு அப்படி. பாஸ்டன் மாரத்தான் ஏப்ரல்ல, டொரோண்டோ மாரத்தான் மே மாசத்துல. பக்கத்து ஊரான ஹாமில்டன்ல 1894-ல் இருந்து நடக்குற 30 கிலோமீட்டர் ஓட்டம் மார்ச் கடைசியில. இதுல எதை ஓடணும்னாலும் பயிற்சி ஜனவரி, பிப்ரவரியிலதான்.

உடம்பு ஒரு அடுப்பு

சும்மா உட்கார்ந்திருக்கும்போது மனித உடல் வெளிவிடும் வெப்பம் ஏறக்குறைய 100 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று எரிவது மாதிரி. 60 கிலோ எடை உள்ள ஒருவர் ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 600 கலோரி செலவாகும். அதில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் ஓடும் வேலைக்குப் போகிறது. மிச்சம் எல்லாமே சூடு. வாட் கணக்கில் பார்த்தால் 500-க்கு மேல். ஒரு பல்பு எரிந்த இடத்தில் அஞ்சு பல்பு எரியுது.

அதனால வாசல்ல நிக்கும்போது எது இதமா இருக்கோ, அது ரெண்டாவது கிலோமீட்டர்ல புழுக்கமா ஆயிடும். வியர்க்கும். உள்ளே போட்டிருக்கிற துணி நனையும். குளிர்கால ஓட்டத்துல எல்லாச் சிக்கலும் அந்த ஈரத்துலதான் ஆரம்பிக்குது. தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். உலர்ந்த துணிக்குள்ள அடைஞ்சு நிக்கிற காற்றுதான் நமக்குப் போர்வை. அந்தக் காற்று இருந்த இடத்துல தண்ணி புகுந்துட்டா போர்வை போச்சு.

ஓடிக்கிட்டே இருக்கும் வரைக்கும் இது தெரியாது. அஞ்சு பல்பு எரியுதே. ஆனா கால் பிடிச்சுக்குது, நடக்க ஆரம்பிக்கிறோம்னு வைங்க. அஞ்சு பல்பு ஒண்ணா, ரெண்டா குறைஞ்சிடும். நனைஞ்ச துணி மட்டும் உடம்போட ஒட்டிக்கிட்டே இருக்கும். அந்தப் பத்து, பதினஞ்சு நிமிஷத்தை நினைச்சுத்தான் உடுத்தணும்.

பருத்தி பத்தி ஒரு வார்த்தை

நம்ம ஊர்ல சின்ன வயசுல இருந்து சொல்லித் தந்தது "காட்டன்தான் உடம்புக்கு நல்லது". சென்னை வெயிலுக்கு அது நூத்துக்கு நூறு உண்மை. மண்பானை எப்படி வேலை செய்யுது? தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா வெளியே கசிய விட்டு, அது ஆவியாகும்போது உள்ளே இருக்கிறதைக் குளிர வைக்குது. பருத்தி பனியனும் அதே வேலையைத்தான் செய்யுது. வியர்வையைக் குடிச்சு, பிடிச்சு வச்சுக்கிட்டு, மெதுவா ஆவியாக்கி நம்மைக் குளிர வைக்கும். மே மாசத்துல அது வரம். ஜனவரியில மண்பானையை யாராவது நெஞ்சுல கட்டிக்கிட்டு ஓடுவாங்களா?

அதனால தோலைத் தொடுற துணி பருத்தியா இருக்கக் கூடாது. பனியன், உள்ளாடை, சாக்ஸ் எல்லாத்துக்கும் இது பொருந்தும். ஹூடியும் பெரும்பாலும் பருத்திதான், அதையும் சேர்த்துக்கோங்க.

மூணு அடுக்கு, மூணு வேலை

லேயர் லேயரா போடணும்னா நிறைய போடணும்னு அர்த்தம் இல்லை. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு தனி வேலை இருக்கு.

முதல் அடுக்கு வியர்வையைத் தோலில் இருந்து வெளியே கடத்துவதற்கு. பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, உடம்போட ஒட்டின அளவில். பாலியஸ்டர் இழை தண்ணீரை உறிஞ்சாது. இழைகளுக்கு இடையே அதை வெளிப்பக்கம் நகர்த்தும். மெரினோ கொஞ்சம் உறிஞ்சினாலும் சட்டுன்னு ஈரமா தெரியாது, நாத்தமும் அடிக்காது. ஆனா விலை அதிகம்.

ரெண்டாவது அடுக்கு காற்றைப் பிடித்து வைப்பதற்கு. மெல்லிய ஃப்ளீஸ் போதும். முன்பக்கம் பாதி வரைக்கும் ஜிப் இருக்கிற மாதிரி வாங்குங்க. காரணம் அப்புறம் சொல்றேன்.

மூணாவது அடுக்கு காற்று உள்ளே வராமல் தடுப்பதற்கு. மெல்லிய விண்ட் ஜாக்கெட், மடிச்சா கைக்குள்ள அடங்கும். இதுல ஒரு சிக்கல் இருக்கு. மழைக்கோட்டு மாதிரி முழுசா அடைச்ச துணின்னா வெளிக்காற்று வராது, சரி. ஆனா உள்ளே இருக்கிற ஆவியும் வெளியே போகாது, ஜாக்கெட்டோட உள்பக்கம் நீர் கோத்துக்கும். அதனால மழை இல்லாத நாளுக்கு, காற்றைத் தடுத்து ஆவியைக் கொஞ்சம் வெளியே விடும் துணிதான் நல்லது.

இங்க ஒரு சுவாரஸ்யமான கதை. 1930-கள்ல நார்வே ராணுவ அதிகாரி ஹென்ரிக் ப்ரூன், மீன்பிடி வலையை எடுத்து ஒரு பனியன் தைச்சார். ஓட்டை ஓட்டையா இருக்கிற துணி குளிருக்கு எப்படி உதவும்னு தோணும். அந்த ஓட்டைகள்ல நிக்கிற காற்றுதான் சூட்டைப் பிடிச்சு வைக்குது. வியர்வையும் துணியில தங்காம வெளியே போயிடுது. மேலே இன்னொரு துணி போட்டாத்தான் இது வேலை செய்யும்; அது இல்லாம தனியா போட்டா குளிர்ச்சி. நம்ம ஊர்த் தாத்தாக்கள் வெயில் காலத்துல வலை பனியனோட திண்ணையில உட்கார்ந்தாங்க, நார்வேக்காரங்க அதே வலையை ஜாக்கெட்டுக்கு உள்ளே போட்டு மலை ஏறினாங்க. இன்னைக்கும் அந்த வகை பனியன் அங்க விற்பனையில இருக்கு.

எந்த டிகிரிக்கு என்ன?

எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு ஒண்ணு இருக்கு: தெர்மாமீட்டர் காட்டுறதோட 10 டிகிரி கூட்டி, அந்தச் சூட்டுல நடக்கப் போறதா நினைச்சு உடுத்துங்க. வீட்டை விட்டு வெளியே வந்த முதல் அஞ்சு நிமிஷம் லேசா குளிரணும். குளிரலைன்னா ஒரு துணி அதிகம்.

நான் போடுறதைச் சொல்றேன். ஒவ்வொரு உடம்புக்கும் கொஞ்சம் மாறும். 5 டிகிரின்னா முழுக்கை பாலியஸ்டர் ஒண்ணு, மெல்லிய கையுறை. பூஜ்யம்னா அதுக்கு மேல விண்ட் ஜாக்கெட். மைனஸ் 10-ன்னா மூணு அடுக்கும். காலுக்கு மைனஸ் 10 வரைக்கும் ஒரு டைட்ஸ் போதும், ஏன்னா வேலை செய்யுறதே கால்தான். அதுக்குக் கீழே போனா முன்பக்கம் காற்றுத் தடுப்பு வச்ச டைட்ஸ். மைனஸ் 20-க்குக் கீழே நான் டிரெட்மில்லுக்குப் போயிடுவேன். அதுல வீரம் காட்ட ஒண்ணும் இல்லை.

டிகிரியை மட்டும் பார்த்தா பத்தாது, காற்றையும் பாருங்க. மைனஸ் 10-ல் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துல காற்று அடிச்சா, தோலுக்கு அது மைனஸ் 18 மாதிரி. இதைத்தான் விண்ட் சில்னு சொல்றாங்க. அந்தக் கணக்கு மைனஸ் 28-ஐத் தாண்டினா, மூடாத தோல் 10-ல் இருந்து 30 நிமிஷத்துக்குள்ள உறைஞ்சு போகலாம்னு கனடா வானிலைத் துறை எச்சரிக்குது.

அதனால ஒரு பழக்கம் வச்சுக்கோங்க: போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகுல காற்று. வியர்வை கம்மியா இருக்கும்போதே எதிர்க்காற்றை முடிச்சிடுறோம். மாத்திப் பண்ணினா, நல்லா நனைஞ்ச உடம்போட கடைசி அரை மணி நேரம் எதிர்க்காற்றுல மாட்டிக்குவோம்.

ஜிப்புக்கு வர்றேன். சூடு ஏறுதுன்னு தோணின உடனே, வியர்க்கிறதுக்கு முன்னாடியே ஜிப்பைத் திறங்க. வியர்த்த பிறகு திறந்தா ஈரத்துல குளிர்காற்று அடிக்கும். முதல்ல கையுறை, அடுத்து குல்லா, அப்புறம் ஜிப். திரும்பக் குளிர்ந்தா அதே வரிசையைத் தலைகீழா.

தலை, கை, இன்ன பிற

பாதிச் சூடு தலை வழியா போயிடும்னு ஒரு நம்பிக்கை உண்டு. உண்மை இல்லை. தலை உடம்போட மொத்தப் பரப்புல சுமார் 10-ல் ஒரு பங்கு. போகிற சூடும் கிட்டத்தட்ட அதே பங்குதான். ஆனா காது சீக்கிரம் உறையும், அதை மூடியே ஆகணும். ரொம்பக் குளிர்னா நம்ம மங்கி குல்லாதான் சிறந்தது. இங்க அதுக்கு பாலக்ளாவான்னு ஸ்டைலா பேர் வச்சு விக்கிறாங்க.

கைக்கு, விரல் விரலா பிரிஞ்ச கையுறையைவிட நாலு விரலும் ஒண்ணா இருக்கிற மிட்டன் கதகதப்பு. விரல்கள் ஒண்ணுக்கொண்ணு சூடு கொடுத்துக்கும். சாக்ஸ் ஒரு ஜோடி போதும். இறுக்கமான ஷூவுக்குள்ள ரெண்டு ஜோடி திணிச்சா ரத்த ஓட்டம் குறைஞ்சு பாதம் இன்னும் குளிரும்.

ஆண்களுக்கு ஒரு விஷயம், சிரிக்காம கேளுங்க. 1977-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ்ல ஒரு டாக்டர் தன் சொந்த அனுபவத்தைக் கடிதமா எழுதினார். மைனஸ் 8-ல், நல்ல காற்றுல, பருத்தி கலந்த உள்ளாடையும் பாலியஸ்டர் கால்சட்டையும் போட்டு அரை மணி நேரம் ஓடியிருக்கார். உறைபனி பாதிச்சது எந்த இடத்தைன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் சரியாயிட்டார். முன்பக்கம் காற்றைத் தடுக்கும் உள்ளாடைன்னே தனியா விக்கிறாங்க, வாங்கிடுங்க.

இந்தக் கணக்கு எங்கே பொய்க்கும்?

லேசா உடுத்துங்க, குளிர்லதான் கிளம்பணும்னு இவ்வளவு நேரம் சொன்னேன். அது ரெண்டு நிபந்தனைக்கு உட்பட்டது: ஓடிக்கிட்டே இருக்க முடியணும், வீடு பக்கத்துல இருக்கணும்.

2021 மே 22. சீனாவோட கான்சு மாகாணத்துல 100 கிலோமீட்டர் மலை ஓட்டம். 172 பேர் கலந்துக்கிட்டாங்க. மே மாசம் என்பதால நிறைய பேர் டி-ஷர்ட், ஷார்ட்ஸ்ல இருந்தாங்க. காற்றுத் தடுப்பு ஜாக்கெட் கட்டாயப் பொருள் பட்டியல்ல இல்லை. மதியம் போல வானிலை மாறி, பலத்த காற்று, உறைய வைக்கும் மழை, ஆலங்கட்டி. ரொம்பச் செங்குத்தான ஏற்றத்துல மாட்டிக்கிட்டாங்க. வாகனம் வர வழி இல்லாத இடம். 21 பேர் உயிர் போச்சு. அதுல சீனாவோட மிகச் சிறந்த நெடுந்தூர ஓட்டக்காரரான லியாங் ஜிங்கும் ஒருத்தர். அங்க ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒருத்தர், தான் ஒதுங்கியிருந்த குகைக்குள்ள ஆறு பேரைக் கூட்டிட்டுப் போய், தீ மூட்டி, போர்வை கொடுத்துக் காப்பாத்தினார்.

அவங்க யாரும் உடம்பு பலம் இல்லாதவங்க இல்லை. ஈரமும் காற்றும் சேர்ந்து வந்தப்போ போட்டுக்க இன்னொரு அடுக்கு இல்லை, அவ்வளவுதான். மலைக்கோ காட்டுக்கோ போனா, உடம்புல போட்டிருக்கிறது எவ்வளவு முக்கியமோ, பையில இருக்கிறதும் அவ்வளவு முக்கியம். 150 கிராம் எடை உள்ள ஒரு ஜாக்கெட்டைச் சுமக்க சோம்பேறித்தனப்படாதீங்க.

ஊருக்குள்ள ஓடினாலும் நான் நீளமா ஒரே பக்கம் போறதில்லை. வீட்டைச் சுத்தி 3 கிலோமீட்டர் வட்டம். பாக்கெட்ல பஸ்ஸுக்கான பிரெஸ்டோ கார்டு. போன் உள் அடுக்குல, ஏன்னா குளிர்ல பேட்டரி சட்டுன்னு இறங்கிடும். கூட ஓடுறவங்களையும் கவனிங்க: அடக்க முடியாத நடுக்கம், ஜிப்பைப் பிடிக்கத் தடுமாறும் விரல், குழறும் பேச்சு, கால் பின்னுறது. இதுல எது தெரிஞ்சாலும் ஓட்டம் அங்கேயே முடிஞ்சது. உடனே கூரைக்குக் கீழே போங்க, ஈரத்துணியை மாத்துங்க. பேச்சு குழறுற அளவுக்குப் போயிருந்தா யோசிக்காம 911-ஐக் கூப்பிடுங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்ச நாள்லகூட, வீட்டு வாசல்ல நின்னு ஸ்ட்ராவால போட்டோ ஏத்துறதுக்கு முன்னாடி பனியனை மாத்துங்க.

செலவு?

புதுசா வந்த மாணவர்கள் இதுக்காகக் கடன் வாங்க வேண்டாம். நம்ம ஊர் மாரத்தான்கள்ல கொடுக்கிற டி-ஷர்ட் பெரும்பாலும் பாலியஸ்டர்தான், முதல் அடுக்கு ரெடி. பெட்டி கட்டும்போது ரெண்டை எடுத்து வச்சுக்கோங்க. ஃப்ளீஸ் இங்க பழைய துணிக் கடைகள்ல மலிவா கிடைக்கும். காசு போடணும்னா விண்ட் ஜாக்கெட்லயும் மிட்டன்லயும் போடுங்க. வகுப்புக்குப் போட்டுட்டுப் போற கனமான குளிர்கால கோட்டு ஓட்டத்துக்கு ஆகாது. அது ஒரு பல்புக்குத் தைச்சது.

அடுத்த முறை வீடியோ கால்ல அம்மா "ஸ்வெட்டர் போட்டியா?"ன்னு கேட்டா, "மூணு அடுக்கு போட்டிருக்கேன்மா"ன்னு சொல்லுங்க. பொய்யும் இல்லை, அவங்களுக்கும் நிம்மதி.

அடுத்த எபிசோட்ல, பனிக்கட்டி மேல வழுக்கி விழாம ஓடுறது எப்படின்னு பேசலாம். அதுவரைக்கும் லேசா குளிர்ந்தபடியே கிளம்புங்க, நனையாம வீடு வந்து சேருங்க.