பற்றும் வரவும்

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியிலே அமர்ந்து, என்னை எப்போது மடக்கலாம் என்று காத்துக் கொண்டிருக்கின்ற அருமை நண்பர்களே! அரங்கத்திலும் வீட்டிலும் இருந்து பார்த்துக் கொண்டிருக்கின்ற பெரியோர்களே, தாய்மார்களே!

"மேல்நிலைப் பள்ளியிலே சொல்லித் தருகிற கணக்குப்பதிவியல் வேலைக்கான பாடமா, வாழ்க்கைக்கான பாடமா?" இதுதான் தலைப்பு. வாழ்க்கைக்கான பாடமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "தமிழ்ப் பேராசிரியருக்கும் கணக்குக்கும் என்னய்யா சம்பந்தம்?" நியாயமான கேள்வி. என் சம்பளம் இருபதாம் தேதிக்கு மேலே எங்கே போகிறது என்று எனக்கே தெரியாது. என் மனைவிக்குத் தெரியும். ஆனால் சொல்ல மாட்டார்கள்! (சிரிப்பு)

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் நம் வீடுகளிலே என்ன நடக்கிறது? நல்ல மார்க் வாங்கினால் சயின்ஸ் குரூப். மார்க் குறைந்தால், "சரி, காமர்ஸ்ல போட்டு விடுங்க சார்!" போட்டு விடுங்க! ஏதோ பழைய சாமானைப் பரணிலே போடுகிற மாதிரி. (சிரிப்பு) பதினைந்து வயதுப் பிள்ளை தலையைக் குனிந்து கொண்டு போய் அந்த வகுப்பிலே உட்காருகிறது. அங்கே அதற்குக் கிடைக்கிற செல்வம் என்ன என்பது போட்டு விட்டவர்களுக்கும் தெரியாது.

முதல் பாடம் என்ன தெரியுமா? எந்த நடவடிக்கைக்கும் இரண்டு பக்கம் உண்டு. ஒருவர் பெறுகிறார் என்றால் இன்னொருவர் தருகிறார். பெறுபவர் கணக்கிலே பற்று எழுது. தருபவர் கணக்கிலே வரவு எழுது. இதுதான் இரட்டைப் பதிவு முறை. வாங்கியதை மட்டும் எழுதிவிட்டுத் தந்தவரை மறந்தால், அங்கே ஏடு நேராகாது.

எனக்கு ஒரு சந்தேகம் பல காலமாக இருந்தது. வங்கியிலே ஆயிரம் ரூபாய் கட்டுகிறேன். பணம் என் கையை விட்டுப் போகிறது. ஆனால் பாஸ் புத்தகத்திலே 'வரவு' என்று போட்டிருக்கிறான்! போன பணம் எப்படி ஐயா வரவாகும்? ஒரு பதினோராம் வகுப்புப் பிள்ளைதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது: "சார், அது உங்க புத்தகம் இல்ல, பேங்க்கோட புத்தகம். பேங்க் கணக்குப்படி நீங்க தருபவர். அதனால உங்க பேர்ல வரவு. உங்க புத்தகத்துல எழுதினா பேங்க் பெறுபவர். அதனால பேங்க் பேர்ல பற்று." ஒரே ஆயிரம் ரூபாய், இரண்டு புத்தகம், இரண்டு பார்வை. எதிரே இருப்பவன் புத்தகத்திலே நான் யார் என்று பார்க்கச் சொல்லித் தருகிற பாடம், வெறும் வேலைக்கான பாடமா? மாமியாருக்கும் மருமகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தால் பாதிக் குடும்ப நீதிமன்றத்தை மூடிவிடலாமே! (கைதட்டல்)

'பற்று' என்ற சொல்லைப் பாருங்கள். பற்றை விடு, பற்றை விடு என்று நம் ஞானிகள் சொன்னார்கள். கணக்கு வாத்தியார் பற்றை எழுது என்கிறார். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. 1494ஆம் ஆண்டு இத்தாலியிலே, வெனிஸ் நகரத்திலே, லூகா பாசியோலி என்பவர் ஒரு பெரிய கணித நூலை அச்சிட்டார். அதிலே ஒரு பகுதியாக இந்த இரட்டைப் பதிவு முறையையும் விளக்கினார். முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. வணிகர்கள் ஏற்கெனவே எழுதிக் கொண்டிருந்ததை ஒழுங்குபடுத்திச் சொன்னார். அவர் யார் என்றால், கிறித்துவத் துறவி! ஆகப் பற்றை எப்படி எழுதுவது என்று உலகத்துக்கு நூல் எழுதிச் சொன்னவரே பற்றைத் துறந்த ஒருவர்தான்! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, இனி நான் சொல்லப் போவது நூலிலே படித்தது அல்ல. எங்கள் தெருவிலே பார்த்தது.

எங்கள் தெரு முனையிலே ஒரு மளிகைக் கடை. அண்ணாச்சி நேர்மையானவர். காலையிலிருந்து இரவு பத்து மணி வரை கூட்டம். ஆனால் வரவர கடையிலே அலமாரி காலியாகிக் கொண்டே வந்தது. வட்டிக்கு வேறு வாங்கி விட்டார். ஒருநாள் என்னிடம், "சார், கடை நட்டத்துல ஓடுது. வித்துட்டு எங்கயாவது வாட்ச்மேன் வேலைக்குப் போயிரலாம்னு இருக்கேன்" என்றார். அவருடைய மகள் அப்போது பதினோராம் வகுப்பு. காமர்ஸிலே 'போட்டு விடப்பட்ட' பிள்ளை.

அந்த வாரம் வகுப்பிலே அவளுக்கு நடந்த பாடம்: 'வணிகம் வேறு, உரிமையாளர் வேறு.' வீட்டுக்கு வந்து கேட்டாள்: "அப்பா, வீட்டுக்குக் கடையிலிருந்து அரிசி பருப்பு எடுக்கிறோமே, எழுதுறீங்களா?" அண்ணாச்சி சிரித்தார். "நம்ம கடை, நம்ம அரிசி. இதுல எழுத என்ன இருக்கு?" அவள் விடவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டை நூலில் கட்டிக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலே தொங்கவிட்டாள். ஒரு மாதம், வீட்டுக்குப் போன ஒவ்வொரு பொருளையும், ஒவ்வொரு ரூபாயையும் 'எடுப்பு' என்று எழுதினாள்.

மாதக் கடைசியிலே கூட்டிப் பார்த்தாள். விற்பனை 1,80,000 ரூபாய். விற்ற சரக்கின் அடக்க விலை 1,53,000. வாடகை, மின்சாரம், மற்றச் செலவு 9,000. ஆக, நிகர லாபம் 18,000! கடை நட்டத்திலே ஓடவே இல்லை! சரி, எடுப்பு எவ்வளவு? சரக்காக 7,500, கல்லாவிலிருந்து ரொக்கமாக 14,500. மொத்தம் 22,000. சம்பாதித்தது பதினெட்டு, எடுத்தது இருபத்திரண்டு. மாதம் நாலாயிரம், வருடத்துக்கு 48,000 ரூபாய், கடையின் முதலிலிருந்தே கரைந்து கொண்டிருந்தது. வரும் வழி சிறிதாக இருந்தாலும் கேடில்லை, போகும் வழி அதைவிட அகலமாகாமல் இருந்தால் போதும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்திலே சொன்னாரே, அதை நான் முப்பது வருடமாக வகுப்பிலே பாடம் நடத்துகிறேன். அந்தப் பிள்ளை ஒரே மாதத்திலே நோட்டிலே காட்டி விட்டாள். (கைதட்டல்)

அந்த நோட்டை எனக்கு எப்படித் தெரியும் என்று எதிரணி கேட்கும். அதிலே கடனாளிகள் பக்கத்திலே முதல் பெயர் என் பெயர்! 'பேராசிரியர் 1,340 ரூபாய்.' (சிரிப்பு) முனைவர் பட்டமெல்லாம் அந்தப் பக்கத்திலே செல்லாது ஐயா! அன்றைக்கே கொடுத்துத் தீர்த்தேன்.

எதிரணியிலே ஒரு தம்பி, "இப்போது எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் போட்டு விடுகிறது, பாடம் எதற்கு?" என்றார். தம்பி, கம்ப்யூட்டர் கூட்டும். நீ எழுதாமல் விட்டதை அது எப்படிக் கூட்டும்? ஒரு நடவடிக்கையை இரண்டு பக்கமும் எழுதாமல் விட்டால், இருப்பாய்வு இரண்டு பக்கமும் அழகாகச் சமமாக நிற்கும். ஆனால் கணக்கு தப்பு. கூட்டல் சரி என்பதாலே கணக்கு சரி என்று நம்பாதே என்று அந்தப் பாடமே எச்சரிக்கிறது. அண்ணாச்சி கடையிலே கம்ப்யூட்டர் இருந்திருந்தாலும் அந்த அரிசி அதற்குத் தெரிந்திருக்காது.

இன்னொரு அம்மையார், "தாயன்புக்குக் கணக்கு உண்டா?" என்று உருக்கமாகக் கேட்டார். அதற்கும் அந்தப் பிள்ளையே பதில் வைத்திருக்கிறாள்.

வகுப்பிலே எழுந்து கேட்டாளாம்: "டீச்சர், எங்க அம்மா காலையில நாலரை மணிக்கு எந்திரிச்சுக் கடையத் திறக்கிறாங்க. ராத்திரி வரைக்கும் பொட்டலம் போடுறாங்க. அது எந்தக் கணக்குல வரும்?" ஆசிரியை சொன்னார்: "பணமாக் கொடுத்தா சம்பளக் கணக்கு. கொடுக்கலைன்னா ஏட்டுல வராதும்மா. பணத்தால அளக்க முடிஞ்சதைத்தான் இந்த ஏடு எழுதும்." தன் எல்லை எது என்று தானே சொல்லிக் கொள்கிற பாடம் அது. எத்தனை பாடத்துக்கு அந்த நேர்மை உண்டு?

அன்று இரவு அவள் அப்பாவிடம் சொன்னாள்: "18,000 லாபம்னு எழுதினது ஏட்டுப்படி சரிதாம்ப்பா. ஆனா அம்மா வேலைக்கு வெளி ஆள் வச்சா 8,000 கொடுக்கணும். அப்ப லாபம் 10,000தான். மீதி 8,000 அம்மா தந்தது. தருபவர் பேரை நாம இத்தனை வருஷமா எழுதவே இல்லப்பா."

அண்ணாச்சி இதை என்னிடம் சொல்லும்போது அவருக்குப் பேச்சு வரவில்லை. கடையை விற்கிற எண்ணத்தையும் அத்தோடு விட்டு விட்டார். மறு மாதம் முதல் அந்த ஏட்டிலே ஒரு புதுப் பக்கம்: சம்பளக் கணக்கு, 8,000 ரூபாய், அந்த அம்மாவின் பெயரிலே. அண்ணாச்சி நினைத்த போதெல்லாம் கல்லாவிலே கை விடுவது நின்றது. மாதம் ஒரே முறை 8,000 எடுப்பு. பத்தாயிரம் லாபத்திலே எட்டாயிரம் போக, இரண்டாயிரம் கடையிலேயே நின்றது. கரைந்து கொண்டிருந்த முதல், வளர ஆரம்பித்தது.

(மணி அடிக்கிறது)

முடித்து விடுகிறேன் நடுவர் அவர்களே. கணக்கு எழுதுகிற வேலை ஆயிரத்திலே சிலருக்குக் கிடைக்கலாம். ஆனால் வாங்காத மனிதன் உண்டா? தந்தவரை மறக்காத வீடு எத்தனை? ஊருக்கெல்லாம் கடன் எழுதி வைத்த அந்தக் கடையிலே, இருபது வருடம் உழைத்த ஒரு தாயின் பெயர் ஏறுவதற்கு, பதினோராம் வகுப்புப் பாடப் புத்தகம் வர வேண்டியிருந்தது. அந்த வரவை எழுதச் சொல்லித் தந்த கணக்குப்பதிவியல் வாழ்க்கைக்கான பாடமே, வாழ்க்கைக்கான பாடமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு விடை பெறுகிறேன்.

(பலத்த கைதட்டல்)