பேகனின் போர்வை



கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பேகன், மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை ஈந்தான். மயிலுக்கேன் போர்வை என்று வகுப்பிலே சிரிப்பெழும். ஒன்றை நாம் கவனிப்பதில்லை. அவன் மயிலைப் பிடித்து அரண்மனைக்குக் கொண்டு போகவில்லை, காட்டிலேயே இருக்கவிட்டான்.

உடவளவையிலும் இப்பண்பைக் காண்கிறோம். 1995இல் வனசீவராசிகள் திணைக்களம் அங்கு அமைத்த நிலையத்தில், தாயை இழந்த யானைக்குட்டிகளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாலூட்டுகின்றனர். பார்வையாளர் தொட்டுப் பழக முடியாது. மனிதரோடு ஒட்டிவிட்ட குட்டிக்குக் காட்டு வாழ்வு கைகூடாதன்றோ! வளர்ந்தபின் அவற்றைக் கூட்டாகக் காட்டில் விடுகின்றனர்.

எங்கள் பக்கத்து வயலில் அறுவடையின்போது தாயைப் பிரிந்த கீரிக்குட்டியொன்றை என் மாணவனொருவன் காப்பாற்றி வளர்த்தான். அது இரைதேடப் பழகியதும் வாய்க்காலோரப் பற்றைக்குள் விட்டான். நானும் உடன் சென்றேன். கீரி திரும்பியும் பார்க்கவில்லை. மூன்று நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லையென்று தாயார் சொன்னார்.

அந்த மூன்று நாட்களைத் தாங்க வல்லவரே உயிர்களைக் காக்க வல்லவர் என்பேன். தனக்கென வைத்துக்கொள்ளாத அன்பையே நம் முன்னோர் அருள் என்றனர்.