ட்ரோனும் தாமிரபரணிக் கரைகளும்

தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் நிற்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகிய ஏழும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முந்தியவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்தது. அங்கிருந்து பிரியும் கால்வாயான தென்கால் ஆழ்வார்திருநகரி வட்டாரத்தைக் கடந்து கடம்பாகுளத்துக்குப் போகிறது. வடகால் எதிர்க்கரைக் குளங்களை நிரப்புகிறது. அணைக்கட்டு கல்லால் ஆனது. ஆனால் அதற்குப் பின்னே மைல்கணக்கில் நீளும் கால்கரையும் குளக்கரையும் வெறும் மண். கல்லில் விழும் விரிசல் கண்ணில் படும்; மண்கரை ஆண்டுக்கு ஒரு விரற்கடை தாழ்வது தினமும் அதன்மேல் நடப்பவருக்கும் தெரியாது. கட்டுமானப் பராமரிப்பில் ட்ரோன் என்ன மாற்றம் செய்கிறது என்பதை இந்த ஆற்றங்கரையில் நின்று பார்த்தால், முதலில் பேச வேண்டியது இந்த மண்ணைப் பற்றித்தான்.

உபரிநீரை வெளியேற்றும் மறுகால் தாங்கும் அளவுக்குமேல் நீர் வரும்போது குளத்தின் மட்டம் ஏறுகிறது. கரை முழுவதும் எவ்வளவு பலமாக இருந்தாலும், பத்தடி நீளத்துக்குத் தாழ்ந்து கிடக்கும் ஓரிடம் போதும். நீர் அங்கேதான் முதலில் வழியும், வழிந்த நீர் புறச்சரிவை அரிக்கும், சிறிது நேரத்தில் கரை வாய் பிளந்துவிடும். நீர் வழியாமலே உடைவதும் உண்டு. மடையின் பக்கவாட்டில் கசிவு, நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன உடைமரத்தின் வேர் மக்கி விட்டுச்சென்ற துளை என்று அதற்குப் பல வழிகள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை இவை அனைத்தையும் ஒரே இரவில் சோதித்தது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. மலையில் பாபநாசமும் மணிமுத்தாறும் இருந்தாலும், சமவெளியிலேயே விழுந்த மழைக்கு அணைகள் என்ன செய்ய முடியும்? குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன. ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே ஜல்லியும் மண்ணும் கரைந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சுமார் 800 பேர் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கிக்கொண்டனர். இப்படிப்பட்ட நாளில் ட்ரோன் எடுக்கும் படம் மீட்புக்கு உதவும். ஆனால் கரை எங்கே தாழ்ந்திருக்கிறது என்பதை அதற்கு முந்தைய கோடையிலேயே அளந்து வைத்திருந்தால், அதன் பயன் பல மடங்கு பெரிது.

அந்த அளவை நடைபெறும் விதம் எளிது. ட்ரோன் ஏர் உழுவதைப் போலச் சால் சாலாகப் பறந்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் முக்கால் பங்கை மீண்டும் உள்ளடக்கும்படி எடுத்துக்கொண்டே போகிறது. ஒரே புள்ளி பல கோணங்களில் பதிவாவதால், அதன் உயரத்தைக் கணினி கணக்கிட்டுவிடுகிறது. படப்புள்ளி ஒன்று 2.4 மைக்ரானும் குவியத் தொலைவு 8.8 மி.மீ.யும் உள்ள கேமரா 120 மீட்டர் உயரத்தில் பறந்தால், ஒரு படப்புள்ளி தரையில் 3.3 செ.மீ.யைக் குறிக்கும்; 60 மீட்டரில் அது பாதியாகும். உயரக் கணக்கில் பிழை இதைவிடக் கூடும். ஆகவே கரையோரம் சில இடங்களில் அடையாளப் பலகை பதித்து, அவற்றின் மட்டத்தைத் தரையிலிருந்தே துல்லியமாக அளந்துகொள்வது கட்டாயம். இந்த வேலையைத் தவிர்த்து எடுத்த வரைபடம் அழகாக இருக்கலாம். ஆனால் அடுத்த ஆண்டு வரைபடத்தோடு ஒப்பிட உதவாது. ஒப்பிட முடியாத அளவையால் பொறியாளருக்குப் பயனில்லை.

உடைமரம் மண்டிய கரையில் கேமரா மரத்தின் தலையைத்தான் காணும். அங்கே லேசர்க் கதிரால் அளக்கும் லைடார் கருவி தேவைப்படுகிறது. அதன் கதிர்களில் பெரும்பகுதி இலையில் பட்டுத் திரும்பினாலும், சில இடுக்கில் புகுந்து தரையைத் தொட்டு வரும். அவற்றை மட்டும் பிரித்தெடுத்தால் மரத்துக்கு அடியிலுள்ள கரை தெரியும். ஈரமண்ணும் காய்ந்த மண்ணும் ஒரே வேகத்தில் குளிர்வதில்லை என்பதால், வெப்பக் கேமராவை விடியற்காலையில் பறக்கவிட்டால் புறச்சரிவின் கசிவுகளைச் சந்தேகிக்க இடம் கிடைக்கும். ஆள் போய்த் தோண்டிப் பார்த்த பிறகே அது உறுதியாகும்.

தூர்வாருதலில் ட்ரோனின் பங்கு நேர்மை சார்ந்தது. 100 ஹெக்டேர் குளத்தில் 10 செ.மீ. வண்டல் என்றால் ஒரு லட்சம் கன மீட்டர், அதாவது சுமார் 35 லட்சம் கன அடி. எத்தனை லாரி போயிற்று என்று எண்ணிச் சொல்லும் கணக்கில் எப்போதும் தகராறு வரும். வேலைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை குளத்தின் தரைமட்டத்தை அளந்து கழித்தால் அள்ளிய மண் எவ்வளவு என்பது விளங்கிவிடும். எங்கே அனுமதித்த ஆழத்துக்கும் கீழே தோண்டப்பட்டது என்பதும் மறையாது. இந்த இரண்டு வரைபடங்களையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவைத்தால் பாசன விவசாயிகள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். அது அவர்களுக்குரிய உரிமையும்கூட.

நெடுஞ்சாலைக் கட்டுமானத்தில் ட்ரோன் பதிவு ஏற்கெனவே விதியாகிவிட்டது. தேசிய நெடுஞ்சாலைப் பணிகள் அனைத்திலும் மாதந்தோறும் ட்ரோன் காணொலி பதிவுசெய்ய வேண்டும் என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2021 ஜூனில் கட்டாயமாக்கியது. பிற்காலத்தில் வழக்கு எழுந்தால் அப்பதிவுகள் சான்றாகவும் நிற்கும்.

பாலங்களின் கதை வேறு. தூணின் உச்சியையும் தளத்தின் அடிப்புறத்தையும் பார்க்கச் சாரம் கட்டவோ, போக்குவரத்தை நிறுத்தித் தூக்கு வண்டி கொண்டுவரவோ வேண்டியிருந்தது. ட்ரோன் அந்த ஆபத்தையும் செலவையும் குறைக்கிறது. எனினும் மேலே சொன்ன அதே கேமரா 3 மீட்டர் தள்ளி நின்றால் ஒரு படப்புள்ளி 0.8 மி.மீ.; 0.3 மி.மீ. விரிசல் அதில் நழுவிவிடலாம். தொலைநோக்கு வில்லையோ இன்னும் நெருக்கமோ தேவை. பாலத்துக்கு அடியில் செயற்கைக்கோள் சமிக்ஞையும் மங்கும். சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்துக் காங்கிரீட் உள்ளே பிரிந்திருக்கிறதா என்று அறியும் பழைய சோதனைக்கு இன்றும் மனிதக் கை வேண்டும்.

காற்றாலைகளில் பருவமே தடை. ஆடிக்காற்றில் முப்பந்தலிலும் கயத்தாறிலும் விசிறிகள் முழு வேகத்தில் மின்சாரம் தரும் நாட்களில் அவற்றை நிறுத்தவும் மனம் வராது, ட்ரோனும் அந்தக் காற்றில் நிலைத்து நிற்காது. இடி தாக்கிய வடுவையும் இறக்கையின் முன்விளிம்புத் தேய்மானத்தையும் காற்று தணிந்த மாதங்களில்தான் பார்க்க முடியும். கோயில் கோபுரங்களிலும் இப்படி ஒரு சிறிய, மிகப் பயனுள்ள வேலை உண்டு. சுதைச் சிற்ப இடுக்கில் முளைக்கும் அரசங்கன்று, அடுத்த குடமுழுக்குக்குச் சாரம் ஏறும்வரை காத்திருந்தால் செங்கல்லைப் பிளந்துவிடும். உரிய அனுமதியோடு ஆண்டுக்கு ஒருமுறை ட்ரோன் சுற்றிவந்தால், இரண்டு இலை விட்டதுமே அது தெரிந்துவிடும்.

அனுமதி குறித்த சட்டம் 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள். வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சையில் பொதுவாக 400 அடி வரை தனி அனுமதி வேண்டியதில்லை. விமான நிலையத்தை நெருங்க நெருங்கக் கட்டுப்பாடு இறுகும். 2022இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஆளில்லா வான்கலன்கள் கழகம் பயிற்சியும் சேவையும் தருகிறது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லும் சட்டத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு கேட்பது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றுக்கும்தான். பாபநாசமும் மணிமுத்தாறும் அதற்குள் வரும். ஆற்றுப் பாசனக் குளங்களில் பெரும்பாலானவை வாரா. 2023இல் ஊருக்குள் வெள்ளத்தை விட்டவற்றில் இத்தகைய குளக்கரைகளும் உண்டு. அவற்றுக்கும் ஆண்டுதோறும் கட்டாய அளவை வேண்டும்.

நீருக்கு அடியில் இருப்பதை ட்ரோன் காட்டாது. சாதாரண லைடாரின் கதிரை நீர் விழுங்கிவிடும். கலங்கல் நீரில் பச்சை லேசரும் அதிக ஆழம் இறங்காது. அணைக்கட்டின் கீழ்ப்புறக் கல்தளம் எங்கே பெயர்ந்திருக்கிறது, பாலத்தூணைச் சுற்றி எவ்வளவு மண் அரித்திருக்கிறது என்பதை அறிய, ஒலியால் ஆழம் அளக்கும் கருவியும் முக்குளிப்பவரும் தேவை. ஆகவே பிசான நெல் அறுவடை முடிந்து கால்கள் அடைபட்டு, குளத்தில் தரை தெரியும் கோடை வாரங்களே இந்த வேலைக்கு உரிய காலம். அப்போது மேலிருந்து ட்ரோன் அளக்க, கீழே கரைக்காவலரும் பொறியாளரும் மடை மடையாக நடந்து பார்த்து, இரண்டு குறிப்பையும் ஒரே வரைபடத்தில் பதிய வேண்டும். கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்குள் தாழ்ந்த கரைக்கு மண் ஏறியிருக்க வேண்டும்.