காத்திருப்போருக்குக் கைகொடுப்போம்

(ஜமாஅத் கல்விக் குழுவின் மாணவர் பாராட்டு விழாவில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

உயர்கல்வியை முடித்துவிட்டுக் கல்லூரி ஆசிரியப் பணிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகள் நம் மஹல்லாக்களில் உள்ளனர். “இவ்வளவு படித்து என்ன பயன்?” என்னும் கேள்வி அவர்களை ஓயாமல் சுடுகிறது. அவ்வாறு கேட்போர், உலகம் போற்றும் அறிவியல் மேதை ஐன்ஸ்டீன் வேலை தேடி அலைந்த வரலாற்றைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

1900ஆம் ஆண்டில் அவர் சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் நகரிலுள்ள உயர் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் தேர்ச்சி பெற்றார். உடன் தேறிய தோழர்களுக்கு அங்கேயே உதவியாளர் பணி கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. பல நாட்டுப் பேராசிரியர்களுக்கும் விண்ணப்பம் எழுதினார், பயனில்லை. தற்காலிக ஆசிரியராகவும், தனிப்பாடம் சொல்லிக் கொடுப்பவராகவும் காலம் தள்ளினார்.

1901 ஏப்ரலில் அவருடைய தந்தை ஹெர்மன், மகனுக்குத் தெரியாமலேயே ஆஸ்ட்வால்ட் என்னும் ஜெர்மானியப் பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். வேலையின்றி மனம் சோர்ந்திருக்கும் தம் மகனுக்கு ஊக்கமூட்டும் இரண்டு வரிகளாவது எழுதுமாறு வேண்டினார். வியாபாரத்தில் நொடித்துப்போயிருந்த அத்தந்தை மகனைக் குத்திக் காட்டவில்லை. மகனுக்காகப் பிறரிடம் மன்றாடினார். அக்கடிதத்தால் வேலை கிடைக்கவில்லை.

பின்னர், மார்செல் கிராஸ்மன் என்ற கல்லூரித் தோழரின் தந்தை பரிந்துரைத்ததன் பேரில், 1902 ஜூனில் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாம் நிலைத் தொழில்நுட்ப அலுவலர் பணி கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் தந்தை காலமானார். மகன் பேராசிரியரானதைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

அலுவலகப் பணியில் இருந்தவாறே, 1905இல் இயற்பியலின் போக்கையே மாற்றிய கட்டுரைகளை ஐன்ஸ்டீன் வெளியிட்டார். அதன் பின்னரும் கதவு உடனே திறக்கவில்லை. 1907இல் பெர்ன் பல்கலைக்கழகம் அவரது விண்ணப்பத்தை ஏற்கவில்லை. 1908இல் நிலையான ஊதியமற்ற விரிவுரையாளராக அனுமதித்தது. அவருடைய முதல் பருவ விரிவுரைகளைக் கேட்க வந்தோர் மூவர், மூவரும் நண்பர்கள்! 1909 அக்டோபரில்தான், தேர்ச்சி பெற்று ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், சூரிச் பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியராக அமர்ந்தார். 1910ஆம் ஆண்டின் நோபல் பரிசுக்கு அவர் பெயரை முன்மொழிந்தவர் யார் தெரியுமா? தந்தை கடிதம் எழுதிய அதே ஆஸ்ட்வால்ட்!

அருமைச் சகோதரர்களே! காத்திருக்கும் பிள்ளைகள் கிடைத்த வேலையைக் கேவலமாக எண்ண வேண்டாம். கற்பதையும் விட்டுவிட வேண்டாம். பெற்றோர் ஹெர்மனைப் போல் பிள்ளையின் பக்கம் நிற்க வேண்டும்.

பதவியிலும் செல்வாக்கிலும் இருப்போருக்கும் ஒரு வார்த்தை. தகுதியற்றவரைப் பணம் கொடுத்துத் திணிப்பது, தகுதியுள்ள ஏழையின் உரிமையைப் பறிக்கும் அநீதியாகும். தகுதியுள்ளவரை உரியவரிடம் அறிமுகம் செய்வது உதவியாகும். இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளலாகாது. காலியிட அறிவிப்பைத் தெரிவிப்பதும், தேர்வுக் கட்டணத்திற்கு உதவுவதும், படிக்க அமைதியான ஓர் அறை ஒதுக்குவதும் நம்மால் இயலாத காரியங்களா?

நீண்ட காத்திருப்புக்குப் பின் இன்று ஆசிரியப் பணியில் சேர்ந்துள்ளவர்களே! வகுப்பில் மூவரே இருந்தாலும் முழுமனத்தோடு கற்பியுங்கள். உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்போரை மறந்துவிடாதீர்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் நல்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.